பூஜைக்கு வைத்த லேப்டாப்

காரைக் கழுவிய கையோடு லேப்டாப்பையும் குளிப்பாட்டிவிடலாம் என்று நான் நினைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றியதாக நினைத்துவிட வேண்டாம், அந்த அளவுக்கு நான் மோசமில்லை. மூன்று வாரமாக அதன் திரை ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்கும். பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்குவேன். மறுநாள் திரும்பவும் வந்து நிற்கும். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காரை நுரை போட்டுக் கழுவி டயருக்கெல்லாம் மெருகு போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தபோது அது கண்ணில் பட்டது. பூஜையில் வைக்கிற பொருள் அழுக்கோடு இருக்கக் கூடாது. கார் குளித்துவிட்டது, இதுவும் குளிக்கட்டும் என்று, அப்டேட் போட்டுவிட்டு அணைந்துகொள்ளச் சொல்லும் பொத்தானை அமுக்கினேன். அது வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நெடுநேரம் எதையோ செய்தது. நான் விளக்குத் தேய்க்கப் போய்விட்டேன்.

ஈப்போவில் ஒரு கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபத்தாறு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். எந்தச் சாமானும் தானாகப் பழுதாகாது, யாரோ கை வைத்திருப்பார்கள் என்பது இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது. கை வைத்தவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

என் மனைவி நர்ஸ். இது நடப்பதற்கு நான்கு வருடம் முன்பு ரியாத்தில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்குப் போனாள். மகன் காம்பாரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நேரம் அது. இரண்டு வருடம் என்று போனவள் இன்னொரு இரண்டு வருடம் நீட்டினாள். மகன் படித்து முடித்து, கோலாலம்பூரில் வேலையும் கிடைத்து, தன் பழைய லேப்டாப்பை என்னிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டான். அவள் எதற்காகப் போனாளோ அந்தக் காரணம் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவள் அங்கே ஒரு வார்டுக்கே பொறுப்பாகிவிட்டாள். சின்னப் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி வேலை கற்றுக்கொள்கிறார்கள், டாக்டர்கள் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். ஈப்போவில் அவள் வேலை பார்த்த இருபது வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

பூஜை வந்த வாரத்தின் திங்கட்கிழமை அவள் கூப்பிட்டுச் சொன்னாள், ஒப்பந்தத்தை நீட்டுவதற்கான தாள் வந்திருக்கிறது, சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், நான் என்ன சொல்கிறேன் என்று. மீண்டும் இரண்டு வருடம். உன் இஷ்டம் என்றேன். சரி என்றாள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டாள்.

உன் இஷ்டம் என்று சொல்கிற ஆளைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். எந்த பிரேக் பேட் வேண்டும் என்று கேட்டால், உங்கள் இஷ்டம் அண்ணே என்பார்கள், ஒரு மாதம் கழித்து வந்து சண்டை போடுவார்கள். ஆனால் எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. நான் பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம், அதில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டிலிருந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அங்கே எந்த ஆம்பளை தன் மனைவியிடம் எதையாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பான்? அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, லயத்தை இடித்து முப்பது வருடம் ஆகிறது. கேட்பதற்கு யாருமில்லாத கல் வீட்டில் இருக்கிறேன். இன்னும் நாலு வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோலத்தான் பேசுகிறேன். விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டபோதும், மார்க்கெட்டுக்குப் போகிறவளிடம் சொல்வதுபோல, போயிட்டு வா என்றுதான் சொன்னேன்.

அதனால்தான் எழுத ஆரம்பித்திருந்தேன். தாள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, அது வரும் என்று தெரிந்து, லேப்டாப்பில் அவளுக்கு ஒரு கடிதம். தினமும் சாப்பிட்ட பிறகு நாலு வரி அடிப்பேன், மறுநாள் மூன்று வரியை அழிப்பேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும்படி மகன் செய்து கொடுத்திருந்தான். கண்ணாடி போட்டும் எனக்குப் பொடி எழுத்து தெரியாது, ஆகவே திரையில் பத்து வரிகூட நிற்காத அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். கைப்பேசியில் எழுதலாமே என்று கேட்கலாம். அதில் என் ஒரு விரலுக்கு மூன்று எழுத்து அகப்படும். அதுவுமில்லாமல், கைப்பேசியில் எழுதினால் முடிப்பதற்கு முன்பே தவறிப்போய் அனுப்பிவிடுவேன் என்று பயம். லேப்டாப் என்றால் அழித்துக்கொண்டே இருக்கலாம்.

ஒன்றும் பெரிய விஷயங்கள் இல்லை அந்தக் கடிதத்தில். நீ இருந்தவரை ஃபேனுக்குச் சண்டை போட்டோம், நீ ஐந்தில் வைப்பாய், நான் எழுந்து இரண்டுக்கு இறக்குவேன், இப்போது நானே ஐந்தில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்று எழுதியிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது நீ அரைத்து, பெயர் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் போன மசாலா பாக்கெட்டுகளில் ரசம் தீர்ந்தது, கோழி தீர்ந்தது, மீன் ஒன்று மட்டும் இருக்கிறது, உன் கையெழுத்து அதில் இருப்பதால் அதைப் பிரிக்க மனம் வரவில்லை, மீன் தின்று ஐந்து மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் விற்கிற அக்கா வழக்கம்போல இரண்டு மடித்துக் கொடுக்கிறாள், நானும் ஒன்று போதும் என்று சொல்லாமல் வாங்கி வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தேன். இப்படி மூன்று பக்கம் போய், கடைசியில், அதனால் நான் சொல்ல வருவது என்னவென்றால், என்ற இடத்தில் ஒன்பது நாளாக நின்றுகொண்டிருந்தது.

அவள் அங்கே நன்றாக இருக்கிறாள், அந்த நிமிர்வை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றும். இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று இன்னொரு நாள் என்னையே ஏமாற்றிப் பார்ப்பேன். திங்கட்கிழமை உன் இஷ்டம் என்று சொன்ன பிறகு இனித் தள்ள முடியாது என்று ஆகிவிட்டது. சனிக்கிழமைக்குள் அந்த வரியை முடித்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவள் வரமாட்டாள்.

சரி, செவ்வாய்க்கிழமையே முடித்திருக்கலாம் அல்லவா? அப்போதுதான் எனக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. புதன்கிழமை சரஸ்வதி பூஜை. அன்று புத்தகம், கருவி எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, அன்று எடுத்து முதலில் எழுதுவது விளங்கும் என்பார்கள். அந்த வரியை விஜயதசமியன்று எழுதுகிறேன், சரஸ்வதி அம்மாவே முடித்துக் கொடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் தள்ளிப்போட வழி கிடைத்த நிம்மதிதான் அது என்று இப்போது தெரிகிறது.

புதன்கிழமை காலையில் கடைக்குப் போவதற்கு முன்பே சாமி மேடையில் எல்லாவற்றையும் அடுக்கினேன். கார் சாவி, ஸ்பேனர் செட்டு, அவளுடைய பழைய ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, நடுவில் லேப்டாப். அவள் இருந்தால் மூடியின் மேல் ஓரமாகப் பொட்டு வைப்பாள், துடைத்தால் போய்விடும். எனக்கு அது போதவில்லை. காருக்குப் பொட்டு வைக்கும்போது வெளியே மட்டுமா வைக்கிறோம், ஸ்டியரிங்கிலும் வைக்கிறோம், எஞ்சினிலும் வைக்கிறோம். வேலை செய்கிற இடத்தில் வைக்க வேண்டும். ஆகவே மூடியைத் திறந்து, கீபோர்டில் நீளமாக இருக்கிற கட்டையின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். பன்னீர் கொஞ்சம் கூடிப்போய் சந்தனம் தளரத் தளர இருந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்கு மேல்தான் கும்பிடுகிற கை இரண்டு பதிலாக வந்தது. அந்த வாரம் அவளுக்கு இரவு வேலை, பேச முடியாது.

வியாழக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, விளக்கு ஏற்றி, லேப்டாப்பை இறக்கி மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே போவதற்கு ஆறு எண்கள் கேட்கும். முதல் எண்ணை அமுக்கினேன். ஒன்றும் விழவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். வேறு எண்ணை அமுக்கினேன், எழுத்தை அமுக்கினேன். அணைத்துப் போட்டேன், மறுபடி அணைத்துப் போட்டேன். திரையில் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

நீளக் கட்டையின் விளிம்பில் சந்தனம் காய்ந்து மஞ்சளாக இறங்கியிருந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துடைத்தேன், ஹேர் டிரையரை வைத்து ஊதினேன், கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன். பூஜைக்குப் படைத்த பொரியில் ஒன்று உள்ளேயிருந்து விழுந்தது. நான் எந்தச் சாமானைப் பற்றியும் யாரிடமும் கேட்கிற ஆள் இல்லை, ஆனாலும் மகனைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். அவன் கோலாலம்பூரில் இருந்தபடியே என் லேப்டாப்புக்குள் நுழைந்து பார்ப்பான், முன்பு ஒரு தடவை அப்படித்தான் சரி செய்தான். உள்ளே கடிதம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு மீன் மசாலாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருப்பதை மகன் பார்ப்பதைவிட லேப்டாப் செத்தே போகட்டும் என்று கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு சீனர், நாற்பது வயது இருக்கும். மூடியைத் திறந்தவர் விரலை நீளக் கட்டையின் ஓரத்தில் தடவி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, சாமி கும்பிட்டாச்சா?"

ஒவ்வொரு வருடமும் உங்கள் பூஜை முடிந்த மறுநாள் எனக்கு நாலைந்து லேப்டாப் வரும் என்று மலாயில் சொன்னார். போன வருடம் ஒருவர் கற்பூரத்தை மிகக் கிட்டே காட்டி மூடியையே உருக்கிக்கொண்டு வந்தாராம். கோபப்பட எனக்கு முகமில்லை. அவர் இரண்டு பொத்தானை அமுக்கிப் பார்த்தார். ரோசாக் லா, கெட்டுப்போய்விட்டது, கீபோர்டையே மாற்ற வேண்டும், இது பழைய மாடல், சாமான் வரப் பத்து நாள் ஆகும், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

இந்தப் பேச்சை நான் நன்றாக அறிவேன். இருபத்தாறு வருடமாக நானே பேசுகிற பேச்சு. வண்டியில் லொடலொட என்று சத்தம் வருகிறது என்று ஒருவர் வாசலில் நிற்கும்போதே, வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், அப்சார்பர் போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். பாதி நேரம் அப்சார்பர்தான் போயிருக்கும். மீதி நேரம் எதுவோ. எதிர்ப்பக்கத்தில் நிற்கும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது. பத்து நாள் என்று அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான் தெரிந்தது. இல்லை, வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்று லேப்டாப்பை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவியை நிறுத்துகிற வார்த்தை இதற்குள் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். எங்களுக்கு மாலை ஆறு, அவளுக்கு மத்தியானம் ஒன்று. அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவாள். அவள் அங்கே சமைப்பாள், நான் இங்கே துணி மடிப்பேன், இரண்டு மணி நேரம் ஓடும். அன்றைக்கு மேசைமேல் லேப்டாப் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் அதற்கு என்ன என்று கேட்டாள். சந்தனம் போட்டுக் கெடுத்துவிட்டேன் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் மாறிவிட்டது. வார்டில் புதிதாக ஒரு நோயாளி வந்தால் இப்படித்தான் உட்காருவாள் போலிருக்கிறது.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றேன்.

"அதுக்கு அப்புறம் என்ன குடுத்தீங்க?"

"சந்தனம்."

"அதுக்கு முன்னாடி?"

அப்டேட் என்றேன். பூஜைக்காக அதைக் குளிப்பாட்டிய கதையையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, அதற்காகவே இன்னொரு தடவை அப்டேட் போடலாம் போலிருந்தது. அவர்கள் வார்டிலும் சக்கரம் வைத்த மேசையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அப்டேட் வந்த மறுநாள் அதுவும் இப்படி அடம் பிடிக்குமாம், சரி செய்ய வருகிறவர் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாளாம். கைப்பேசியை லேப்டாப்புக்கு எதிரே சாய்த்து வைக்கச் சொன்னாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்தேன்.

லேப்டாப்பை அணைத்துவிட்டு, திரும்பப் போட்ட உடனே மேல் வரிசையில் இருக்கிற ஒரு பொத்தானை விடாமல் தட்டச் சொன்னாள். தட்டினேன். நான் இதுவரை பார்த்திராத ஒரு நீலத் திரை வந்தது. இப்போது அம்புக்குறிப் பொத்தானை அமுக்குங்கள் என்றாள். அமுக்கினேன். திரையில் வெள்ளைப் பட்டை ஒரு வரி கீழே இறங்கியது. மறுபடி அமுக்கினேன், மறுபடி இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"கீபோர்ட் நல்லாத்தான் இருக்கு. சந்தனம் ஒண்ணும் பண்ணல. அது சொல்றது உள்ள போய்ச் சேரல, அவ்வளவுதான்லா."

நீலத் திரையிலிருந்து வெளியே வரச் சொன்னாள். எண் கேட்கிற இடம் வந்தது. கீழே மூலையில் மனித உருவம் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும், அதை மவுஸால் தொட்டால் திரையிலேயே ஒரு கீபோர்ட் வரும் என்றாள். வந்தது. அதில் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக மவுஸால் குத்தினேன். ஆறாவது எண் விழுந்ததும் லேப்டாப் திறந்தது.

செவ்வாய்க்கிழமை நான் எதை எப்படி விட்டுவிட்டுப் போனேனோ, அதை அப்படியே அது திரும்ப எடுத்து விரித்து வைத்தது. முதல் பக்கம். பெரிய எழுத்து. ஃபேனுக்குச் சண்டை போட்டோம் என்ற வரி திரையின் நடுவில் நின்றது. கைப்பேசி எதிரிலேயே சாய்ந்திருந்தது.

நான் எப்போதும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கித்தான் எதையும் மூடுவேன். கை தானாக அங்கேதான் போனது. அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. கீபோர்ட் செத்துக் கிடக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மவுஸைப் பிடித்தேன். மேலே மூலைக்குக் கொண்டுபோனால் மூடிவிடலாம், இரண்டு நொடி வேலை. கைப்பேசியைப் பார்த்தேன். அவள் திரைக்கு மிகவும் கிட்டே வந்திருந்தாள். கண்ணாடி மட்டும் தெரிந்தது, அதற்குள் கண்கள் இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்தன.

"கொஞ்சம் கீழ இறக்குங்க," என்றாள்.

மவுஸ் என் கையில் இருந்தது. மேலே போகலாம், கீழே போகலாம். நான் கீழே இறக்கினேன்.

அவள் படித்தாள். மீன் பாக்கெட் வந்தபோது ஒரு நிமிடம் கண்களை மூடித் திறந்தாள். அவள் தலையை ஆட்டும்போதெல்லாம் நான் இறக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் முன்னால் நான் அவ்வளவு கூச்சத்தோடு உட்கார்ந்ததில்லை. மூன்றாவது பக்கத்தின் கடைசியில், அதனால் நான் சொல்ல வருவது என்னவென்றால், என்ற இடம் வந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது. அவள் இன்னும் இறக்கச் சொன்னாள். இறக்குவதற்கு ஒன்றும் இல்லை.

"என்ன சொல்ல வந்தீங்க?"

எழுதித்தான் பழக்கம், எழுதுவதற்குக் கீபோர்ட் இல்லை. "வந்துரு," என்றேன். "போதும், வந்துரு."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"புதன்கிழமை காலையிலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்க."

சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது என்றாயே என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நீங்கதான் உன் இஷ்டம்னுட்டீங்களே. அப்புறம் எதுக்குச் சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கணும்?"

புதன்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இந்தக் கடிதத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அதன் மேல் அழகாகச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்து அவளுக்கே அனுப்பியும் இருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துதான் அவள் அந்தக் கும்பிடுகிற கைகளை அனுப்பியிருக்கிறாள்.

தாளைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். மேலிடத்துக்குப் போய்விட்டது, அந்த இரண்டு வருடத்துக்கும் அவளை நம்பி வார்டுக்கு ஆள் கணக்குப் போட்டாகிவிட்டது, இனி முறித்தால் அவள் பெயர் கெடும் என்றாள். எனக்குப் புரிந்தது. அந்தப் பெயரை அவள் எப்படிச் சம்பாதித்தாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கெடுத்துக்கொண்டு வா என்று சொல்ல வாய் வரவில்லை, இந்தத் தடவை வாய் வராததுதான் நல்லது.

அவளுடைய அடுப்படிக்கு வெளியே ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சரி, மவுஸை எடுங்கள் என்றாள். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை. உள்ளே இருக்கிற கருவிகளின் பட்டியலைத் திறக்க வைத்தாள். அதில் கீபோர்ட் என்ற வரிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்ன முக்கோணம் இருந்தது. அதைப் பட்டியலிலிருந்தே நீக்கச் சொன்னாள். நீக்கினால் ஒரேயடியாகப் போய்விடாதா என்று பயந்தேன். போகாது, அணைத்துப் போட்டால் தானே தேடிக்கொண்டு வரும் என்றாள். நீக்கி, அணைத்து, போட்டேன். எண் கேட்டது. பொத்தானை மெதுவாகத் தொட்டேன். ஒரு புள்ளி விழுந்தது.

கடிதம் மறுபடி தானாகவே திறந்து நின்றது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஏதாவது அடித்துப் பாருங்கள் என்றாள். நான் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அதனால் நான் சொல்ல வருவது என்னவென்றால் என்பதற்குப் பக்கத்தில், நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை என்று அடித்தேன். ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. ஒன்பது நாள் நின்ற வரி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"சேவ் பண்ணுங்க," என்றாள். "பண்ணிட்டு எனக்கு அனுப்புங்க. நான் வச்சுக்கிறேன்."

அனுப்பினேன். அங்கே அவள் கைப்பேசியில் டிங் என்று சத்தம் வந்தது எனக்கும் கேட்டது.

இது போன வருடம் நடந்தது. மார்ச்சில் முப்பது நாள் விடுமுறைக்கு வந்தாள். வந்த அன்றைக்கே ஐஸ் பெட்டியைத் திறந்து அந்த மீன் பாக்கெட்டை எடுத்து, பாறையாகிப் போனதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று திட்டிவிட்டு, ஒட்டியிருந்த தாளை மட்டும் பிரித்து என்னிடம் கொடுத்தாள். அது சாமி மேடை இழுப்பறையில் இருக்கிறது. முப்பது நாளும் ஃபேன் ஐந்தில் ஓடியது. நான் எழுந்து இறக்கவில்லை. அதையும் அவள் கவனித்தாள், கவனித்ததைச் சொல்லாமல் ஒருநாள் தானே எழுந்து மூன்றில் வைத்தாள். ஏர்போர்ட்டில் இந்தத் தடவை போயிட்டு வா என்று சொல்லவில்லை. சீக்கிரம் வா என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடமும் பூஜை வந்து போனது. கார் சாவியை வைத்தேன், ஸ்பேனரை வைத்தேன், அவளுடைய கருவியை வைத்துப் பொட்டும் வைத்தேன். லேப்டாப்பை வைக்கவில்லை. அது சாப்பாட்டு மேசையிலேயே திறந்து கிடந்தது. நீளக் கட்டையின் ஓரத்தில் போன வருடத்து மஞ்சள் இன்னும் இருக்கிறது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. திரை மூலையில் அந்த அறிவிப்பு திரும்பவும் வந்து போடட்டுமா என்று கேட்டது. பிறகு என்றேன். பூஜையன்று எதையும் எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உட்கார்ந்து அவளுக்கு நாலு வரி அடித்து, ஒன்றைக்கூட அழிக்காமல் அனுப்பிவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

மத்தியானம் கூப்பிட்டாள். ஒப்பந்தத் தாள் அடுத்த வருடம்தானே வரும், அதற்கு வந்துரு என்று பதிலை இப்போதே எழுதி அனுப்பியிருக்கிறீர்களே என்று கேட்டாள். ஆமாம், நீயே வைத்துக்கொள், தாள் வரும்போது எடுத்துப் பார் என்றேன்.